சிதம்பர ரகசியத்துக்கு சூப்பர்ஸ்ட்ரிங் சர்டிபிகேட் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஒரு வாரத்தில் ஒரே செய்தி எனக்குப் பதினோரு பேரிடமிருந்து வந்துவிட்டது. அதில் நாலு பேர் கடலூரில் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள். ஒருவர் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. செய்தியின் முதல் பாதி பத்து வருஷமாகச் சுற்றுகிற பழைய சரக்கு: நடராஜர் பெருமானின் கால் பெருவிரல்தான் பூமியின் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி, வெளிநாட்டு விஞ்ஞானிகள் எட்டு வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். இரண்டாம் பாதிதான் புதுசு. தில்லைக் கூத்துதான் சூப்பர்ஸ்ட்ரிங் தியரி, ரகசியத் திரைக்குப் பின்னால் இருப்பது பத்தாவது பரிமாணம், இதை ஒப்புக்கொண்டுதான் ஜெனீவாவில் செர்ன் ஆய்வகம் நடராஜர் சிலை வைத்திருக்கிறதாம். பகிராதவன் தமிழனே இல்லையாம்.

நான் தமிழன்தான். பகிரப் போவதில்லை.

நேற்று குடும்ப குரூப்பில் "பெரியப்பா ரிட்டயர் ஆனதும் நாத்திகர் ஆகிவிட்டார்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தான். தம்பி, நீ பிறப்பதற்கு முன்பிருந்து ஆருத்ரா தரிசனத்துக்கு விடியற்காலைப் பனியில் வரிசையில் நிற்பவன் நான். இந்த மார்கழியிலும் நின்றேன். என் கோபமே அங்கிருந்துதான் வருகிறது.

பழைய சரக்கை முதலில் முடித்துவிடுகிறேன். காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றிப் போகும் ஒரு வளையம். வளையல் மேலேயே வளையலின் நடுப்புள்ளியைக் காட்டு பார்க்கலாம். முடியாது. அந்தக் கோடு இந்தியாவில் எங்கே போகிறது என்பதும் ரகசியமில்லை. 1963 நவம்பர் 21ஆம் தேதி முதல் ராக்கெட்டை விட திருவனந்தபுரம் பக்கம் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே காந்த நடுக்கோடு அந்தப் பக்கம் போவதுதான். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இதற்கென்றே மத்திய அரசின் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. சிதம்பரத்தில் சாய்வு ஊசியை வைத்தால் அது கிடைமட்டமாக நிற்காது, வடமுனை சற்றுக் கீழே சாயும். காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்றும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், கிழக்கு 79.7 டிகிரியை ஒட்டி இருப்பது உண்மை, அழகான உண்மை. ஆனால் பஞ்சபூதத் தலங்களில் மற்ற இரண்டும், அண்ணாமலையாரும் ஆனைக்காவும், அந்தக் கோட்டில் இல்லை. இதை மட்டும் செய்தியில் யாரும் எழுதுவதில்லை.

சரி, சூப்பர்ஸ்ட்ரிங்குக்கு வருவோம். இது என்ன என்று தெரிந்துகொண்டு அப்புறம் சண்டை போடலாம்.

1915இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலை முடித்தார். கோள், நட்சத்திரம், ஈர்ப்பு எல்லாம் அதற்குள். 1925, 26இல் குவாண்டம் இயக்கவியல் வந்தது. அணுவும் அதற்குள் இருப்பதும் அதன் கணக்கு. இரண்டும் தத்தம் இடத்தில் அபாரமாக வேலை செய்கின்றன. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. கருந்துளையின் உட்புறம், பிரபஞ்சத்தின் முதல் கணம் போன்ற இடங்களில் இரண்டையும் சேர்த்துத்தான் சமைக்க வேண்டும். சேர்த்தால் விடை முடிவிலி என்று வருகிறது. இயற்பியலில் முடிவிலி வந்தால் கணக்கு தப்பு என்று அர்த்தம்.

ஏன் அப்படி வருகிறது? கூலும் விதி ஞாபகம் இருக்கிறதா? விசை, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம். தூரம் பூஜ்யமானால் என்ன என்று வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை வருஷா வருஷம் கேட்கும். துகளைப் புள்ளி என்று வைத்துக்கொண்டால் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் தூரம் பூஜ்யம், விடை முடிவிலி. மின்விசையில் இந்தத் தொல்லையைச் சமாளிக்க வழி கண்டுபிடித்தார்கள். ஈர்ப்புவிசையில் அந்த வழி எடுபடவில்லை.

துகள் புள்ளியே இல்லை, மிக மிகச் சின்ன இழை என்று வைத்துக்கொண்டால்? இரண்டு புள்ளிகள் மோதினால் "இந்த இடத்தில்" என்று விரல் வைக்கலாம். இரண்டு இழை வளையங்கள் நகர்ந்து வந்து ஒன்றாகச் சேரும் பாதையை வரைந்தால் அது தலைகீழாகப் பிடித்த பேன்ட் மாதிரி இருக்கும். இரண்டு கால்கள் ஓர் இடுப்பாகச் சேர்கிற துல்லியமான ஒரு புள்ளியைக் காட்ட முடியாது. மோதல் ஒரே இடத்தில் குவியாமல் பரவிவிடுகிறது, முடிவிலி அடங்குகிறது. இழை எப்படி அதிர்கிறதோ அதைப் பொறுத்து அது எலக்ட்ரானாகத் தோன்றும், குவார்க்காகத் தோன்றும், ஒளித்துகளாகத் தோன்றும். தம்பூராவில் ஒரே கம்பிக்குள் அடிப்படைச் சுரமும் அதன் மேல்சுரங்களும் இருப்பதுபோல. இதுதான் இழைக் கோட்பாட்டின் அடிப்படை.

இது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1968இல் வெனிசியானோ என்ற இத்தாலிக்காரர் அணுக்கருவின் வன்விசைக்கு ஒரு சூத்திரம் எழுதினார். அந்தச் சூத்திரம் உண்மையில் அதிரும் இழைகளைப் பற்றியது என்று நம்பு, நீல்சன், சஸ்கைண்ட் மூவரும் தனித்தனியாகக் கண்டார்கள். ஆனால் அந்தக் கணக்கில் அழைக்காத விருந்தாளியாக ஒரு அதிர்வு வந்து நின்றது. நிறை கிடையாது, தற்சுழற்சி 2. வன்விசையில் அப்படி ஒரு துகளுக்கு வேலையே இல்லை. விரட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. 1974இல் ஷெர்க், ஷ்வார்ஸ் இருவரும், ஜப்பானில் யோனேயாவும், "இதை ஏன் விரட்டுகிறீர்கள்? ஈர்ப்புவிசையைச் சுமக்கும் துகள் இப்படித்தானே இருக்க வேண்டும்" என்றார்கள். பத்து வருஷம் பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. 1984இல் கிரீனும் ஷ்வார்ஸும் கணக்கில் இருந்த பெரிய முரண்பாடு ஒன்று தானாகவே அடிபட்டுப் போவதைக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

"சூப்பர்" என்பது விளம்பரச் சொல் இல்லை. இயற்கையில் துகள்கள் இரண்டு ஜாதி. ஒன்று போசான், நம் சத்யேந்திரநாத் போஸ் பெயரில். இன்னொன்று ஃபெர்மியான். இரண்டையும் ஜோடி சேர்க்கும் சமச்சீர்மைக்கு சூப்பர்சிமெட்ரி என்று பெயர். அதைச் சேர்த்த இழை, சூப்பர்ஸ்ட்ரிங்.

இனி அந்தப் பத்துப் பரிமாணம். சூப்பர்ஸ்ட்ரிங் கணக்கு முரணில்லாமல் நிற்க இடத்துக்கு ஒன்பது, காலத்துக்கு ஒன்று வேண்டும். நமக்குத் தெரிவது இடத்தில் மூன்றுதான். மீதி ஆறு எங்கே? ஆனித் திருமஞ்சனத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழவீதி மாடியிலிருந்து பார்த்தால் தேர்வடம் வெறும் கோடு. முன்னே போகலாம், பின்னே போகலாம், அவ்வளவுதான். கீழே இறங்கி வடத்தைப் பிடித்து இழுப்பவனுக்கு அது கைக்கு அடங்காத தடிமன். அதில் ஊர்கிற எறும்பு வடத்தின் நீளத்திலும் போகும், அதைச் சுற்றிக்கொண்டும் போகும். தூரத்தில் நின்ற நமக்கு அந்தச் சுற்றுவழி தெரியவில்லை, ஆனால் இருக்கிறது. மீதி ஆறும் அப்படிச் சின்னதாகச் சுருண்டு கிடக்கின்றன என்பது கோட்பாடு. கவனியுங்கள்: கோட்பாட்டின்படி அவை ஒவ்வொரு இடத்திலும் சுருண்டு கிடக்கின்றன. சிற்றம்பலத்தில் தனியாக ஒரு பரிமாணம் கிடையாது. நெல்லிக்குப்பம் பஸ் ஸ்டாண்டிலும் அதே ஆறுதான்.

எவ்வளவு சின்னது? இழையின் நீளம் பெரும்பாலும் பிளாங்க் நீளத்தை ஒட்டி இருக்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. 1 போட்டு 35 சைபர் போட்டு, ஒரு மீட்டரை அதால் வகுத்தால் வருவது. ஓர் அணுவை நாம் காணக்கூடிய பிரபஞ்சம் முழுக்கப் பெரிதாக்கினால் அதற்குள் இந்த இழை நூறு மீட்டர் சுமாருக்கு இருக்கும். கீழ சன்னதியில் ஒரு டீக்கடையிலிருந்து அடுத்த டீக்கடை.

அதனால்தான் இன்றுவரை யாரும் இதைப் பார்த்ததில்லை. இந்தப் பதிவில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய வரி இதுதான்: சூப்பர்ஸ்ட்ரிங் தியரி சோதனையால் நிரூபிக்கப்படவில்லை. ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவு வளையத்தில் 2012 ஜூலை 4ஆம் தேதி ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தார்கள். அதே வளையத்தில் சூப்பர்சிமெட்ரி சொன்ன ஜோடித் துகள்களையும் தேடினார்கள், ஒன்றுகூட அகப்படவில்லை. ஆறு பரிமாணங்களைச் சுருட்டும் வழிகள் 1 போட்டு 500 சைபர் போட்ட எண்ணிக்கை அளவுக்கு இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. அதில் நம் உலகம் எது என்று தெரியவில்லை. எலக்ட்ரானின் நிறை ஏன் இவ்வளவு என்று இந்தக் கோட்பாடு இன்னும் கணக்கிட்டுத் தரவில்லை. 2006இல் லீ ஸ்மோலின், பீட்டர் வோய்ட் என்ற இருவர் ஆளுக்கொரு புத்தகம் எழுதி இதைக் கிழித்தார்கள். இழைக்காரர்கள் பதில் சொன்னார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. அறிவியல் அப்படித்தான் நடக்கும்.

இப்போது சொல்லுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பாடப்பட்ட, கும்பிடப்பட்ட ஒரு சன்னதியைக் கொண்டுபோய், இன்னும் பரீட்சையே பாஸ் ஆகாத ஒரு கோட்பாட்டின் வாசலில் சர்டிபிகேட்டுக்காக நிறுத்துகிறீர்களே, இதற்குப் பெயர் பக்தியா? நாளைக்கு ஒரு சோதனையில் இழைக் கோட்பாடு தப்பு என்று வந்தால் என்ன செய்வீர்கள்? தில்லைக்குப் போவதை நிறுத்துவீர்களா? நிறுத்த மாட்டீர்கள். உங்கள் பக்தி அதன்மேல் நிற்கவில்லை. பின் எதற்கு இந்த முட்டு?

திரையை விலக்கினால் என்ன தெரிகிறது? தொங்கும் பொன் வில்வ மாலை. உருவம் இல்லை. வெளி. ஆகாசத் தலம் என்று பெயர் வைத்து, ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டிக் கும்பிடச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அந்த வெளியை வெளியாக விட மனசு வரவில்லை நமக்கு. அங்கே பத்தாவது பரிமாணத்தைக் கொண்டுபோய்த் திணிக்கிறோம். விட்டால் டியூப் லைட்டும் மாட்டிவிடுவோம்.

"சார், ஆட்டம் என்றாலும் அதிர்வு என்றாலும் ஒன்றுதானே" என்று ஒருவர் எழுதியிருந்தார். மிக்ஸியும் அதிர்கிறது. எந்த அதிர்வு, எந்த நிறை, எந்த மின்னூட்டம் என்று எண் போட்டுச் சொல்ல முயல்வதுதான் கோட்பாடு. கூத்து உவமை. உவமை மட்டம் என்று நான் சொல்லவே இல்லை. இலங்கைத் தமிழர் முத்து குமாரசாமியின் மகன் ஆனந்த குமாரசாமி எழுதிய சிவ நடனக் கட்டுரை 1918இல் நூலில் வந்து மேல்நாட்டார் கண்ணைத் திறந்தது. 1975இல் காப்ரா என்ற இயற்பியலாளர் தம் புத்தகத்தில் நடராஜரையும் துகள்களின் ஆட்டத்தையும் அருகருகே வைத்தார். செர்னில் இருக்கும் சிலை இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. 2004 ஜூன் 18 அன்று திறந்தார்கள். பக்கத்துப் பலகையில் இருப்பது காப்ராவின் வரிகள். நாம் கொடுத்த பரிசை அவர்கள் மரியாதையாக வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் போய் "ஒப்புக்கொண்டார்கள்" என்றால், பக்கத்து வீட்டுக்குக் கொலு சுண்டல் கொடுத்துவிட்டு "அவர்கள் வீட்டிலும் நம்ம சமையல்தான்" என்று சொல்வதுபோல.

இதெல்லாம் விளையாட்டுத்தானே, விட்டுவிடுங்கள் சார் என்பீர்கள். விட்டிருப்பேன். போன பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். சிதம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் நான் ஒருவன். ஒரு பையன் இதே ஃபார்வர்டை மனப்பாடம் செய்து முழங்கினான். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பையனைக் குறை சொல்ல மாட்டேன், எழுதிக் கொடுத்தது பெரியவர்கள். அடுத்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து ஸ்டீல் கம்பி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மீட்டிக் காட்டினாள். பாதியில் விரலை வைத்து மறுபடி மீட்டி, சுரம் மேல் ஸ்தாயிக்குப் போவதைக் காட்டினாள். இழை என்றால் என்ன என்று ஐந்து நிமிஷத்தில் ஓரளவு சரியாகவே சொல்லிவிட்டு, "ஆனால் இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை, நிரூபிக்க முடியுமா என்றும் தெரியவில்லை" என்று முடித்தாள்.

முதல் பரிசு பையனுக்கு. இரண்டுக்கு ஒன்று. "தெரியவில்லை என்று முடித்தால் எப்படிச் சார் பரிசு தருவது? நெகட்டிவாக இருக்கிறதே" என்றார் உடன் இருந்த நடுவர். அந்தக் கூடத்தில் இருந்த இருநூறு பிள்ளைகள் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கும்? தெரிந்ததைத் தெரிந்தவரைக்கும் சொன்னால் ஆறுதல் பரிசு. தெரியாததைத் தெரிந்ததாக முழங்கினால் கோப்பை. அந்த ஃபார்வர்டின் விலை இதுதான். பெருமை பேசத்தானே என்று விரலால் தள்ளிவிடுகிறீர்கள், அது போய் இப்படி ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது.

பெருமைதான் வேண்டும் என்றால் நிஜச் சரக்கு வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் கும்பகோணம். அங்கே வளர்ந்த ராமானுஜன், 1913இல் மெட்ராஸ் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1, 2, 3 என்று முடிவில்லாமல் போகும் தொடருக்குத் தம் முறைப்படி −1/12 என்று மதிப்பு வருகிறது என்றும், இதைச் சொன்னால் தம்மைப் பைத்தியக்கார விடுதிக்குப் போகச் சொல்வீர்கள் என்றும் அவரே எழுதினார். இது கடைக் கணக்குக் கூட்டல் இல்லை. முடிவில்லாத் தொடருக்கு ஒழுங்கான ஒரு மதிப்பை ஒதுக்கும் முறை. அரை நூற்றாண்டு கழித்து இழையின் அடிநிலை ஆற்றலைக் கணக்கிடும்போது அதே தொடர் வந்து நின்றது. அதே −1/12 போட்டால், சூப்பர் சேர்க்காத பழைய இழை குறுக்கே அதிர 24 திசைகள் தேவை என்று வருகிறது. இரண்டைக் கூட்டினால் 26 பரிமாணம். சூப்பர்ஸ்ட்ரிங்குக்கு 8, இரண்டைக் கூட்டினால் 10. பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்த மாதிரிக் கணக்கிலிருந்து வந்தது.

இன்னொன்று. 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். 100ஐ? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம். எண் பெரிதாக ஆக இது எப்படி வளரும் என்பதற்கு ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் சூத்திரம் கொடுத்தார்கள். இழையிலும் அதே கணக்குத்தான். ஒரு திசையில் அதிரும் இழைக்கு நாலு படி ஆற்றல் கொடுத்தால் அதை நாலாவது சுரத்தில் ஒன்றாகக் கொட்டலாம், மூன்றாவதில் ஒன்றும் முதலாவதில் ஒன்றுமாகப் பிரிக்கலாம், இப்படி ஐந்து விதம். இழையின் நிலைகளை எண்ணும் இந்த வித்தையை நீட்டித்தான் 1996இல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் ஒரு வகைக் கருந்துளையின் உள்நிலைகளை எண்ணினார்கள். பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் வேறு வழியில் சொன்ன விடையோடு அது பொருந்தியது. ராமானுஜன் சாவதற்குச் சில மாதம் முன் 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய போலித் தீட்டா சார்புகளும் வீண் போகவில்லை. 2012இல் தபோல்கர், மூர்த்தி, ஸாகியர் மூவரும் கருந்துளைக் கணக்கில் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூவரில் இருவர் நம் நாட்டவர்.

ராமானுஜன் தம் சூத்திரங்களை நாமகிரித் தாயார் அருள் என்பார். யாரும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் ஹார்டிக்கு அவர் அனுப்பியது சூத்திரத்தை. உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் சரியா தப்பா என்று தெரியும் சூத்திரம். தாயாரைச் சாட்சிக்கு அனுப்பவில்லை.

வாழும் ஆள் வேண்டுமா? கொல்கத்தாவில் பிறந்த அசோக் சென். ஐந்து தனித்தனி சூப்பர்ஸ்ட்ரிங் கோட்பாடுகள் என்று குழம்பிக் கிடந்த காலத்தில், 1994இல் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு, வலுவான விசைக் கணக்கும் பலவீனமான விசைக் கணக்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடி என்பதற்கு அவர் காட்டிய சான்று பலர் மனசை மாற்றியது. அடுத்த வருஷம் எட்வர்ட் விட்டன் ஐந்தும் ஒன்றின் முகங்கள்தான் என்றார். 2012இல் அடிப்படை இயற்பியல் பரிசு, முப்பது லட்சம் டாலர், சென்னுக்கும் கிடைத்தபோது அவர் அலகாபாத்தில் ஹரிஷ் சந்திரா ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். என்னிடம் படித்த எத்தனை பேர் இவர் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? அவர் படத்தைப் போட்டு ஒரு ஃபார்வர்டுகூட எனக்கு இதுவரை வரவில்லை.

போட்டி முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெண் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சார், கம்பி இரும்பாலே ஆனது. அந்த இழை எதாலே ஆனது?" பரிசு போன வருத்தமே முகத்தில் இல்லை. கோட்பாட்டில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லையம்மா, மற்றதெல்லாம் அதனால் ஆனது, அது எதனாலும் ஆனதில்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறார்கள் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. போதாமல் இருப்பதுதான் சரி. 4ஐப் பிரிக்கும் கணக்கைச் சொல்லிக் கொடுத்து, 5க்கும் 6க்கும் போட்டுப் பார் என்று அனுப்பினேன். அன்றிரவே அவள் அப்பா போனிலிருந்து விடை வந்தது. 7, 11. இரண்டும் சரி.

உங்களுக்கு 7. பேப்பரும் பேனாவும் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். விடையைக் கமெண்டில் போடுங்கள். பொறியியல் கல்லூரிக்காரர் முதலில் போட வேண்டும்.